உஷார்! பொறுப்பு வேஷம் போட்டு வரும் யோசினை

கவனம்! இதற்குக் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. இரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. உங்கள் வீட்டிலேயே ஒருவரை மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். நீங்களோ, "அவ சரியான பொறுப்பு. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்வா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மெச்சிக்கொண்டிருப்பீர்கள்.

ஓயாத யோசினையைத்தான் சொல்கிறேன்.

"யோசிக்கிறதும் ஒரு வருத்தமோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளவத்தையில் யார்தான் யோசிக்கவில்லை? கொட்டாஞ்சேனையில் யாருக்குத்தான் கவலை இல்லை? வாடகை ஏறுகிறது. மகன் கனடாவில். மகளுக்கு வயது போகிறது. ஊரில் தனியே இருக்கும் அம்மாவுக்கு நீரிழிவு. யோசிக்காமல் இருக்க முடியுமா?

முடியாது. யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒரே கேள்வி. ஒரே பயம். நூறாவது தடவை. புதிதாக ஒரு பதிலும் கிடைக்கவில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு துரும்பும் அசையாமலே, ஏதோ பெரிய வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணத்தை இந்த யோசினை தந்துவிடும். அதனால் அதை விடவே மனம் வராது. "நான் யோசிக்காட்டில் இந்த வீட்டிலை வேறை ஆர் யோசிக்கிறது?" இந்த வசனத்தை உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் கடைசி வரி வரை வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் ஒரு நாலாம் மாடியில்

பெயர் வேண்டாம். அக்கா என்றே வைத்துக்கொள்வோம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி. கணவர், ஒரே மகள். வீட்டுக் கணக்கு, மாமியாரின் மருந்து, மகளின் படிப்பு எல்லாம் அக்காவின் தலையில்தான்.

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் நினைவிருக்கிறதா? நாடெங்கும் சமையலறைகளில் காஸ் வெடித்த செய்திகள். தொலைக்காட்சியைப் போட்டால் ஓர் உடைந்த அடுப்பு. அந்த நாட்களில்தான் அக்காவுக்கு இது தொடங்கியது. படுக்கப் போகுமுன் ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல பழக்கம். அன்று எல்லோரும்தான் பார்த்தோம்.

பிறகு எல்லோரும் விட்டோம். அக்கா விடவில்லை.

ரெகுலேட்டர் மூடித்தான் இருக்கும். கையால் தொட்டுப் பார்ப்பார். சவர்க்கார நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். வராது. வந்து படுப்பார். பத்து நிமிடத்தில் ஒரு நினைப்பு: "நுரை தடவேக்கை கை பட்டுத் திறந்திருந்தால்?" திரும்பவும் எழும்புவார். மற்றவர்களின் நித்திரை குழம்பக்கூடாதே என்று லைற்றும் போடாமல், சுவரைத் தடவித் தடவிச் சமையலறைக்குப் போவார்.

2022 வந்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா வரிசை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. யோசிக்கக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசைகள் எல்லாம் ஒரு நாள் கலைந்தன. அக்காவின் தலைக்குள் நின்ற வரிசை கலையவில்லை.

காஸ் போதாதென்று மகளும் அந்த வரிசைக்குள் வந்தாள். மகள் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அக்கா பின்னேரம் வட்ஸ்அப்பில் "வெளிக்கிட்டாச்சோ?" என்று போடுவார். இரண்டு கோடு விழும். நீலமாகாது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பஸ் அடிபட்டிருக்கும். இல்லை, யாரோ கடத்தியிருப்பார்கள். இல்லை, ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாமல் போட்டிருப்பார்கள். மகள் ஆறேகாலுக்கு 101 பஸ்ஸில் வந்து இறங்கி, "போனிலை சார்ஜ் இல்லையம்மா" என்றபடி செருப்பைக் கழற்றுவாள். அதற்குள் அக்கா மனதில் அந்தப் பிள்ளைக்குச் செத்தவீடே நடத்தி முடித்திருப்பார்.

ஒவ்வொரு நாளும். கிழமையில் ஐந்து தடவை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "விசர்" என்பார்களே!

முதலில் நித்திரை போனது. பிறகு நெஞ்சு படபடப்பு. இதய வைத்தியரைச் சனல் பண்ணிப் பார்த்தார். ஈசிஜி சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை" என்றார்கள். அந்த ஒன்றுமில்லை அன்று பின்னேரம் வரைதான் தாங்கியது. அடுத்த கிழமை வேறோர் இடத்தில் இன்னொரு ஈசிஜி.

பக்கத்து வீட்டு அன்ரி ஒரு குளிசை கொடுத்தார். "நான் வருஷக்கணக்காப் போடுறன் பிள்ளை. ஒண்டும் செய்யாது." முதலில் அரை. பிறகு ஒன்று. பிறகு இரண்டு.

இந்த நேரத்தில்தான் மகளின் வேலை போனது. மகள் என்ன செய்தாள் தெரியுமா? அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தாங்கமாட்டா. காலையில் வழக்கம்போல உடுத்து, சாப்பாட்டுப் பெட்டியோடு புறப்பட்டு, சிநேகிதி வீட்டில் பொழுதைப் போக்கிவிட்டு ஆறேகாலுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு மாதம்! தகப்பனுக்குத் தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஓயாமல் யோசிப்பவரிடம் வீட்டார் உண்மை சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அன்பினால்தான். ஆனால் மறைத்தது வெளிப்படும் நாளில், "நான் அப்பவே நினைச்சன், எனக்கு எல்லாரும் ஒளிக்கினம்" என்று அவருடைய பயத்துக்கு நீங்களே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.

வெளிப்பட்டது. அன்றிரவு இரண்டு குளிசை. அப்படியும் இரண்டு மணிக்கு ரெகுலேட்டரைப் பார்க்க எழும்பினார். லைற் போடவில்லை. கால் பின்னியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அடுப்பு மேடையின் விளிம்பில் நெற்றி வெடித்தது.

தையல் போட்ட இளம் வைத்தியர்தான் கேட்டார்: "எவ்வளவு நாளா நித்திரை இல்லை, அம்மா?"

மூன்று வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி.

இந்த ஊருக்கு இது லேசில் ஏன் பிடிக்கிறது?

கொழும்புத் தமிழருக்குப் பயம் சும்மா வரவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடும் கடையும் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதே ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு என்று ஒரு தலைமுறையே அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தபடி வளர்ந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அன்று நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன்பின் எத்தனை மாதம் பூசைக்குப் போனவர்கள் கதவோரம் பார்த்து உட்கார்ந்தார்கள்? முதுகுப் பையோடு ஒரு பொடியன் உள்ளே வந்தால் எத்தனை தலை திரும்பியது?

அன்றைக்கு அது தேவையான எச்சரிக்கை. முன்கூட்டி யோசித்தவன் தப்பினான் என்று மூளை படித்துவிட்டது. ஆபத்து போன பிறகும் அந்தப் பாடத்தை அது மறப்பதில்லை. அதனால்தான் எங்கள் ஆட்களிடம் "சும்மா பயப்பிடாதேங்கோ" என்றால் எடுபடாது. "சும்மாவோ? நீ எண்பத்துமூண்டைப் பாக்கேல்லை" என்பார்கள்.

சரி. ஆனால் இதையும் கேளுங்கள். 1989 அக்டோபர் 17ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம். சூசன் நோலன்-ஹொக்சிமா என்ற உளவியலாளர், அதற்கு இரண்டு கிழமை முன்புதான், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம் தற்செயலாகக் கேட்டு எழுதி வைத்திருந்தார். நிலம் நடுங்கிய பிறகு அதே மாணவர்களைத் திரும்பவும் விசாரித்தார். சோர்வையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. ஏழு கிழமை கழித்தும் அப்படியே.

அதே பல்கலைக்கழகம். அதே நிலநடுக்கம். அசைபோட்டவர்களுக்கு அடி பலம்.

ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுவது இந்தக் கணக்கில் வராது. அது துக்கம். அதற்குக் காலம் வேண்டும், ஆட்கள் வேண்டும். நான் எச்சரிப்பது, நடக்காத சாவுக்குத் தினம் நடத்தப்படும் செத்தவீட்டைப் பற்றி.

இன்னொரு காரணத்தாலும் இது எங்களிடம் ஒளித்துக்கொள்கிறது. மனப்பாரத்தை எங்கள் சனம் உடம்பின் நோவாகத்தான் அதிகம் சொல்லும். போர்க்காலத்து மனக்காயங்களைப் பற்றி 'மனவடு' என்ற நூலை எழுதிய யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தலையிடி, நெஞ்சடைப்பு, கைகால் விறைப்பு, வயிற்றெரிவு. வைத்தியர் மாறும். மாத்திரை மாறும். யோசினை அப்படியே இருக்கும்.

இந்த அடையாளங்கள் உண்டா? பாருங்கள்!

1. கேள்வி வேலையில் முடியவில்லை. "வாடகை ஏறினால் என்ன செய்வது?" என்று யோசித்து, தெஹிவளையில் இரண்டு வீடு விசாரித்தால் அது யோசனை. "ஏறினால்? ஏறினால்? ஏறினால்?" என்று விடிந்தால் அது வருத்தம்.

2. மற்றவர் மனதை வாசிக்கிறார். மயூரபதி அம்மன் கோயிலில் தெரிந்தவர் ஒருவர் சிரிக்காமல் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. "கலியாணத்துக்குச் சொல்லேல்லை எண்ட கோவம். எல்லாரிட்டையும் சொல்லியிருப்பா. இனி ஆரும் எங்களை மதிக்காயினம்." அந்த மனிசி கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருக்கலாம். அது நினைவில் வராது.

3. ஒரே பாய்ச்சலில் பாதாளம். மகனுக்கு டியூஷன் சோதனையில் 48 மார்க்ஸ். உடனே உயர்தரம் பெயில். கம்பஸ் இல்லை. வேலை இல்லை. மகன் தெருவில். 48க்கும் தெருவுக்கும் நடுவில் நூறு சந்தி இருப்பது கண்ணில் படாது.

4. ஆறுதல் கேட்டு அலைகிறார். ஒரே கேள்வி கணவரிடம், லண்டன் தங்கச்சியிடம், சாத்திரியாரிடம், அவர் சரியில்லை என்று இன்னொரு சாத்திரியாரிடம். அம்மனிடம் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு வருபவருக்கு நிம்மதி. பத்துப் பேரிடம் ஒரே சாதகத்தை நீட்டுபவருக்கு நிம்மதி இல்லை. முதலில் ஓர் ஆறுதல் ஒரு கிழமை தாங்கும். பிறகு ஒரு நாள். பிறகு ஒரு மணித்தியாலம்.

5. சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார். கதவு, காஸ், வங்கிக் கணக்கு, பிள்ளை வட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு இருந்தது.

6. சின்ன முடிவும் எடுக்க முடியவில்லை. எந்த மீன் வாங்குவது என்பதே பெரிய பாரம்.

7. ஒதுங்குகிறார். கோயில் இல்லை. கலியாணவீடு இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை.

8. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை குழம்பியிருக்கிறது. அல்லது குளிசை இல்லாமல், ஒரு 'பெக்' இல்லாமல் படுக்க முடியவில்லை.

9. "நான் இல்லாட்டில் எல்லாருக்கும் நிம்மதி." நில்லுங்கள்! இது கதைக்குச் சொன்ன கதையில்லை. "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று வாயை அடைக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அதே மணித்தியாலத்தில் உதவி தேடுங்கள்.

உடம்பு நோவைப் பற்றி ஒரு சொல். நெஞ்சு நோகிறது என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். "உனக்கு வெறும் யோசினை" என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். தைரொயிட்டும் பார்க்கட்டும். எல்லாம் சரி என்று வந்த பிறகும் படபடப்பு நின்றபாடில்லை என்றால், அடுத்த ஈசிஜிக்கு ஓடாமல் மனதைக் காட்டுங்கள்.

பிள்ளைகளிடம் இது வேறு முகம் காட்டும்

பெரியவர்கள் யோசித்தால் புலம்புவார்கள். பிள்ளைகள் யோசித்தால் பேசாமல் போய்விடுவார்கள். அதுதான் பயம்.

கொட்டாஞ்சேனையில் உயர்தரம் இரண்டாம் முறை எழுதப்போகும் பொடியன் ஒருவன். முதல் முறை இஸட் ஸ்கோர் கொஞ்சத்தில் தவறிவிட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் ஜம்பட்டா வீதியால் நடந்து போனால் முழுத் தெருவும் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறது என்று அவனுக்கு. வீட்டைச் சுற்றிப் பின்பக்கத்தால் போவான். புத்தகத்தில் ஒரே பக்கம் ஒரு மணி நேரம் திறந்தபடி இருக்கும். அம்மா எட்டிப் பார்த்து, "என்னப்பா?" என்றால், "ஒன்னுமில்லம்மா, படிக்கிறேன்." படிக்கவில்லை. "இந்த முறையும் போனா?" என்ற ஒரே வரியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

அம்மா வெளியே போய், "புள்ள ராப்பகலா படிக்குது" என்று பெருமைப்பட்டார்.

உஷார்! பிள்ளை திடீரென்று நல்ல பிள்ளையாகி அறைக்குள் அடைந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். சாப்பாடு குறைந்ததா? சிநேகிதர்கள் வருவது நின்றதா? இரவில் கதவின் கீழே போன் வெளிச்சம் தெரிகிறதா? மார்க்ஸைக் கேட்குமுன் இவற்றைப் பாருங்கள்.

தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள்!

"யோசிக்காதேங்கோ" என்று சொல்லாதீர்கள். கேட்க நல்ல வார்த்தை. பலன் தலைகீழ். டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இனி நினைக்கலாம் என்று விட்டபோது, ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். அடக்கினால் கூடும். இதை மறக்காதீர்கள்.

குளிசையைக் கடன் வாங்காதீர்கள். கடன் கொடுக்கவும் வேண்டாம்! டயஸிபாம், அல்பிரசோலம் போன்றவை வைத்தியர் எழுதி, அவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்கு எடுக்க வேண்டியவை. தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்கு அடிமையாகும். கால் தடுமாறும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். இதை வாசித்துப் பயந்து இன்றைக்கே எல்லாவற்றையும் குப்பையில் போடவும் வேண்டாம். நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். பெட்டியோடு வைத்தியரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

அதே ஆறுதலைப் பத்துத் தரம் சொல்லாதீர்கள். ஒருதரம் சொல்லுங்கள். மனமார. திரும்பவும் கேட்டால், "இதுக்கு முதலே பதில் சொல்லிட்டன். இப்ப உங்கட பயம்தான் கேக்குது. வாங்கோ, கொஞ்ச நேரம் நடந்திட்டு வருவம்" என்று கையைப் பிடியுங்கள்.

உண்மையை மறைக்காதீர்கள். வேலை போனதா? சொல்லுங்கள். கூடவே, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள்.

இவற்றைச் செய்யுங்கள். இன்றைக்கே!

யோசிக்க நேரம் குறியுங்கள். விளையாட்டில்லை, பரிசோதித்துப் பார்த்த முறை. தோமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் 1983இல் இதை எழுதினார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. பின்னேரம் ஐந்தரைக்கு பல்கனிக் கதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் கூடாது. படுக்கும் நேரமும் கூடாது. பகலில் பயம் வந்தால், "ஐந்தரைக்குப் பார்ப்போம்" என்று குறித்து வைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலையைப் பாருங்கள். துரத்தவில்லை, தவணை கொடுக்கிறீர்கள். ஐந்தரை வரும்போது பாதிப் பயம் பழசாகிப் போயிருக்கும்.

ஒரு சீஆர் கொப்பி எடுங்கள். நடுவில் கோடு. இடப்பக்கம் நான் ஏதாவது செய்யக்கூடியவை. வலப்பக்கம் என் கையில் இல்லாதவை. இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு திகதி. வலப்பக்கத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். எழுதியாயிற்று, அவ்வளவுதான்.

ஆதாரம் கேளுங்கள். பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற உளமருத்துவர், மனம் சோர்ந்தவர்களின் தலையில் தானாக ஓடும் நினைப்புகளை 1960களில் கவனிக்கத் தொடங்கினார். அவர்கள் அந்த நினைப்புகளை நினைப்பாகப் பார்க்கவில்லை, நடந்த உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சைமுறை இன்று உலகமெங்கும் இருக்கிறது. பெக் 2021இல், 100 வயதில் காலமானார். அவர் வழியில் மூன்று கேள்விகள்: இதற்கு ஆதாரம் என்ன? வேறு விளக்கம் இருக்கலாமா? அப்படியே நடந்தாலும் நான் என்ன செய்வேன்?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பயத்துக்குப் பிடிக்காத கேள்வி அதுதான்.

விழுந்த பிறகு மனநலக் கிளினிக்குக்குப் போகத் தொடங்கிய வெள்ளவத்தை அக்காவுக்கு அங்கே கொடுத்த வீட்டுவேலையும் இதே வழிதான். இரண்டு கோடு நீலமாகாத ஒவ்வொரு பின்னேரமும், நடந்திருக்கும் என்று தான் நினைப்பதை எழுத வேண்டும். மகள் வந்தபின் உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் விபத்து, கடத்தல், ஆஸ்பத்திரி. மறுபக்கத்தில் சார்ஜ் இல்லை, பஸ்ஸில் நெரிசல், திரும்பவும் சார்ஜ் இல்லை. தன் கையெழுத்திலேயே அதைப் பார்த்தபோதுதான் அவருக்குக் கொஞ்சம் உறைத்தது.

நித்திரை வராமல் புரளாதீர்கள். இருபது நிமிடமளவில் வராவிட்டால் எழும்புங்கள். மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மனதைக் கிளறாத ஏதாவது செய்யுங்கள். கண் சொருகும்போது போய்ப் படுங்கள். போனை மட்டும் தொடாதீர்கள். பின்னேரத்துக்குப் பிறகு கோப்பியையும் சாயம் கூடிய தேத்தண்ணியையும் விடுங்கள்.

உடம்பை வெளியே கொண்டுபோங்கள். மரைன் டிரைவில் அரை மணி நடை. காசு வேண்டாம். கட்டிலில் கிடந்து தீர்த்த பிரச்சினை உலகத்தில் இல்லை.

காஸை ஒருதரம் மூடுங்கள். ஒருதரம் பாருங்கள். சமையலறைக் கதவைச் சாத்துங்கள். திரும்பிப் போகச் சொல்லி மனம் நச்சரிக்கும். போகாதீர்கள். ஏறிய பயம் சற்று நேரத்தில் தானாகவே இறங்கும். போய்ப் பார்த்தால்தான் நாளைக்கும் கூப்பிடும். இதைத் தனியே நிறுத்த முடியவில்லையா? அதற்கென்றே சிகிச்சை உண்டு.

"அங்கொடைக்குப் போகச் சொல்லுறியளோ?"

அங்கொடை மனநல ஆஸ்பத்திரியின் பெயரில் வரும் இந்தக் கேள்விதான் எத்தனையோ பேரை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பகிடி, கலியாணப் பேச்சில் வரும் குசுகுசு, "ஆரும் கண்டால்?" என்ற பயம்.

கேளுங்கள். முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போகலாம். வெள்ளவத்தைக்குக் கிட்ட களுபோவில ஆஸ்பத்திரியிலும், கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மனநலக் கிளினிக் உண்டு. அரச வைத்தியசாலை, இலவசம். தமிழில் சொல்லிக்கொள்ள முடியாது என்று தயக்கமா? சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் உள்ளே போய் நோயாளியின் வாயால் பேச விடுங்கள். நீங்களே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

வாசல் தாண்டவே பயமா? போன் இருக்கிறது. 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1333, கட்டணமில்லாத உளத்துணைச் சேவை. நேரில் போய் யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டுமென்றால், கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ இருக்கிறது. 1974இலிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள். சொன்னது வெளியே போகாது.

இன்னொரு பழைய பயத்தையும் உடைத்துவிடுகிறேன். உயிரை மாய்க்க முயன்றதாகத் தெரிந்தால் பொலிஸ் வழக்குப் போடும் என்று இன்றும் மறைக்கிறார்கள். இலங்கையில் அந்தச் சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வழக்கு இல்லை. மறைத்து நேரத்தைக் கடத்தினால்தான் உயிர் போகும்.

அக்கா முழுக்கச் சுகமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். கிளினிக்குக்குப் போய் வருகிறார். குளிசை குறைந்து வருகிறது. மணிக்கட்டு மழைக்கு நோகிறது. ரெகுலேட்டரை இப்போதும் சில நாள் இரண்டு தரம் பார்க்கிறார். லைற்றைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். மகள் புது வேலைக்கு நேர்முகம் போவதை முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். சொந்தபந்தமெல்லாம் "பொறுப்பு" என்று மெச்சும் ஒருவர் அங்கே இருப்பார். அவரைப் பக்கத்தில் இருத்தி, போனை ஒதுக்கி வைத்துவிட்டு, எவ்வளவு நாளாக ஒழுங்கான நித்திரை இல்லை என்று கேளுங்கள். இரண்டு கிழமை தாண்டியிருந்தால் நாளைக்கே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன். உங்களைப் பற்றித்தான் யோசினை" என்பார்.

நம்பாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள்!